மருந்தடித்தால் மீன் ரத்தம் தண்ணியாகுமா?

மாலூர்ப் பக்கம் உங்கள் மாமனாரின் கிருஷி ஹொண்டாவில், அதாவது பண்ணைக்குட்டையில், ரோகு, கட்லா, சாதாக் கெண்டை விட்டிருக்கிறீர்கள். ஒட்டினாற்போல் பக்கத்து நிலத்துக்காரரின் தக்காளித் தோட்டம். தக்காளிக்கு மருந்தடித்த மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் மந்தமாகி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பத்துப் பன்னிரண்டு செத்தும் மிதந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் செவுள் வெளுத்து, ரத்தம் தண்ணி மாதிரி. மருந்துக் கடைக்காரர் ‘மருந்து இறங்கினா மீன் ரத்தமே செத்துத் தண்ணியாகும்’ என்றாராம். இது உண்மையா, கே.ஆர்.புரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ரத்தப் பரிசோதனை லேபில் கொடுத்துப் பார்க்கலாமா, மிச்ச மீனைச் சாப்பிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத நான்காவது ஒன்றும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன்: பக்கத்து நிலத்துக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு இந்த ரத்தம் சாட்சியாகுமா?

நான் கோலார் தங்கவயல்காரன். விலங்கியல் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு மீன்நோய் ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் ஸ்லைடும் நுண்ணோக்கியுமாகக் காலம் தள்ளி, இப்போது அல்சூரில் ஓய்வாக இருக்கிறேன். மனித வைத்தியம் எனக்குத் தெரியாது. எழுத்தில் வந்த விவரத்தை வைத்து உங்கள் குட்டைக்கு நோய் கண்டுபிடித்துச் சொல்லவும் முடியாது. மீன் ரத்தம் எப்படிக் கெடும், எதைப் பார்த்து எதை நம்பலாம் என்பதைச் சொல்ல முடியும். சுருக்கமாக வேண்டுமானால்: கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி, அந்த லேபுக்குப் போகாதீர்கள், செத்த மீனைத் தொடாதீர்கள். நான்காவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும்.

லேப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சிவப்பணுவுக்குள் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும், நடுவில் உட்கருவும் இருக்கும். ரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்களுக்குக்கூட மீனில் உட்கரு உண்டு. மனித ரத்தத்தை எண்ணும் இயந்திரம் சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, மிஞ்சும் உட்கருக்களையெல்லாம் வெள்ளணு என்று எண்ணும். ஒருமுறை அவசரத்தில் கெண்டை ரத்தத்தைத் தெரிந்தவர் மூலமாக ஒரு மனித லேபுக்கு அனுப்பினோம். குழாயில் எண் மட்டும்தான் எழுதியிருந்தோம். சாயங்காலம் அங்கிருந்த பெண் பதறிப்போய் போன் செய்தார்: “சார், வெள்ளணு லட்சக்கணக்குல காட்டுது, பேஷன்ட்டை உடனே அட்மிட் பண்ணுங்க.” பேஷன்ட் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. ஹீமோகுளோபின் அளவும் அப்படித்தான் ஏமாற்றும். உடைந்த அணுக்களின் உட்கரு கரைசலைக் கலங்கலாக்கும், கலங்கலை இயந்திரம் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளும், ரத்தச்சோகை பிடித்த மீனுக்கும் நல்ல எண் வந்துவிடும். சுழற்றி உட்கருவை அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் படித்தால்தான் சரி. எண்ணிக்கைக்கு இன்றைக்கும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுவதுதான் நம்பகமான வழி. கண் வலிக்கும், வேறு வழியில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மீன் ரத்தம் இயல்பிலேயே நம்முடையதைவிட மெல்லியது. ஆரோக்கியமான ஆண்பிள்ளைக்கு ஒரு கன மில்லிமீட்டரில் 45 முதல் 55 லட்சம் சிவப்பணு இருந்தால், நம் வளர்ப்பு மீன்களுக்கு 10 முதல் 30 லட்சத்துக்குள்தான் பொதுவாக இருக்கும். 100 மில்லி ரத்தத்தில் நமக்கு ஹீமோகுளோபின் 14 கிராம் என்றால் நல்ல கெண்டைக்கு 6 முதல் 10 கிராம். அளவும் கொஞ்சம்தான். அரைக் கிலோ மீனை முழுக்க வடித்தாலும் 25 மில்லிலிட்டர் தேறுவது அபூர்வம். ஆகவே ஆட்டு ரத்தத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நல்ல மீனின் ரத்தமே ‘தண்ணி மாதிரி’ தெரியலாம். அதுபோல செத்துச் சில மணி நேரமான மீனின் செவுள் எந்த நோயும் இல்லாமலேயே வெளுத்துவிடும். நீங்கள் அறுத்தது உயிரோடு பிடித்ததா, மிதந்ததா என்று எழுதவில்லை. மிதந்தது என்றால் அந்த வெளுப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி உண்மையான கேள்வி. மருந்து எப்படி ரத்தம் வரைக்கும் போகிறது? செவுள் வழியாக. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்துக் கரைத்து வைத்துக்கொள்வது அதிகபட்சம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், அதுவும் கடல்மட்டத்தில். பெங்களூர், மாலூர் எல்லாம் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு அது ஏழரைக்குள் நின்றுவிடும். இத்துணூண்டு ஆக்சிஜனுக்காக மீன் ராப்பகலாகத் தண்ணீரைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். செவுளின் மடிப்பில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு தோல், அவ்வளவுதான் தடுப்பு. ஆக்சிஜன் நுழைய வேண்டிய கதவு அது, எண்ணெயில் கரையும் மருந்துக்கும் அதே கதவு திறந்தேதான் இருக்கிறது. இலைக்கு அடித்த மருந்தைப் பூச்சி தின்ன வேண்டும், அல்லது மருந்து அதன் மேல் பட வேண்டும். மீன் எதையும் தின்ன வேண்டாம், மூச்சு விட்டாலே போதும்.

உள்ளே போனபின் ரத்தம் மெலிவதற்கு ஒன்றல்ல, பல பாதைகள் உண்டு. எங்களைப் போன்றவர்களே இதில் தடுமாறுவோம், ஏனென்றால் எல்லாப் பாதையும் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்கு. முதலாவது நேரடி உடைப்பு. பல பூச்சிமருந்துகள் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். சிவப்பணுவின் மேற்சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு ஊசிப்போனால், வைத்த எண்ணெய் காறிப்போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், சவ்வு இற்று அணு உடையும். ஸ்லைடில் பார்த்தால் நீள்வட்டம் குலைந்து, ஓரம் பிய்ந்து, சில அணுக்கள் ஊதி நிற்கும். இரண்டாவது, உற்பத்தி நின்றுபோவது. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை. முதுகெலும்பை ஒட்டி, தலைக்குப் பின்னால் இருக்கும் சிறுநீரகத்தின் முன்பகுதியிலும் மண்ணீரலிலும்தான் ஊறுகிறது. மீன் சுத்தம் செய்யும்போது முள்ளோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுக்கவேண்டிய கருஞ்சிவப்புப் பட்டையாக ஒன்று வருமே, அதுதான் சிறுநீரகம். வாரக்கணக்கில் மருந்துத் தண்ணீரில் கிடந்த மீனின் இந்தத் திசுவை வெட்டிப் பார்த்தால், இளம் அணுக்கள் இருக்கவேண்டிய இடம் செத்துக் கிடக்கும். பட்டறையே மூடிவிட்டால் சரக்கு எங்கிருந்து வரும்? மூன்றாவது, செவுளிலும் குடலிலும் நுண்ணிய ரத்தக்கசிவு. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். நன்னீர் மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு. அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். செவுள் புண்ணானால் உப்பு வெளியே கசியும், தண்ணீர் கூடுதலாக உள்ளே வரும். அப்போது ஓர் அணுவும் சாகாமலேயே ரத்தம் நீர்த்துவிடும். பாலில் தண்ணீர் விட்ட கதை. உங்கள் கடைக்காரர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, ‘தண்ணியாகும்’ என்பது இந்த நான்காவது பாதைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. மருந்து பட்ட முதல் சில மணி நேரத்தில் ரத்தம் தண்ணியாவதற்குப் பதில் கெட்டியாவதும் உண்டு. பயந்த மீனின் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களைப் பிழிந்து வெளியே விடும். அட்ரினலின் ஏறியதில் அணுக்களும் சற்று ஊதும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் ‘மீன் பிரமாதமாக இருக்கிறது’ என்று அறிக்கை வரும். ஒரே மருந்துக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை சிவப்பணு ஏறியது என்றும் இன்னொன்று இறங்கியது என்றும் சொல்வதைப் பார்த்துக் குழம்பி, எங்களிடம் வந்த மாணவர்கள் பலர். இரண்டும் பொய்யில்லை, எடுத்த நேரம் வேறு. நாள்பட்ட பாதிப்பில் இறக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சிவப்பணு, ஹீமோகுளோபின், ரத்தத்தில் அணுக்களின் பங்கு, மூன்றும் சேர்ந்து சரியும்.

வெள்ளணுக்கள் கதை இதைவிடப் பெரியது, ஆனால் பண்ணைக்காரர் கண்ணுக்குப் படாதது. அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறினால் லிம்போசைட் என்ற வெள்ளணு வகை குறையும். மீனின் வெள்ளணுக்களில் பெரும்பங்கு அவைதான், எதிர்ப்புச் சக்தியே அவற்றை நம்பித்தான் இருக்கிறது. எந்தக் குட்டையிலும் சும்மா மிதந்துகொண்டிருக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவுக்கு அதுதான் வாய்ப்பு. மருந்து இறங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து செதில் உதிர்ந்து, வயிற்றடியில் ரத்தத் திட்டும் புண்ணும் வரும். ‘மீனுக்குப் புண் நோய்’ என்று மாத்திரை வாங்கிப் போடுவார்கள். மருந்தடித்த நாள் யாருக்கும் நினைவிருக்காது.

எந்த மருந்து என்பதும் முக்கியம். எல்லா மருந்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மீனைப் பொறுத்தவரை மிகக் கொடியவற்றில் ஒன்று எண்டோசல்பான். 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் அதை நாடு முழுக்க நிறுத்தியது. இந்த மருந்தால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டு மக்களின் துயரம்தான் அதற்குக் காரணம், மீனுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. இப்போது தக்காளிக்கும் ரோஜாவுக்கும் அதிகம் அடிக்கப்படுபவற்றில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மீனுக்குக் கொடும் விஷம். ஆடு, மாடு, மனிதன் இதை உடலில் சீக்கிரம் சிதைத்துவிடுவோம், மீனால் அது முடியாது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான், புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை நரம்பைத் தாக்குபவை. இவற்றைப் பிடிக்க ரத்தத்தைவிட மீனின் மூளையில் ஒரு குறிப்பிட்ட நொதி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்ப்பதே நல்ல சோதனை. இமிடாகுளோப்ரிட் மீனை உடனே கொல்வது அரிது, ஆனால் மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளைத் துடைத்துவிடும். பட்டினியாலும் ரத்தம் மெலியும் என்பதால் அதையும் நிரபராதி என்று விடமாட்டேன். களைக்கொல்லி கிளைபோசேட்டில் மீனைக் கடிப்பது பெரும்பாலும் அந்த மருந்தல்ல, இலையில் ஒட்டுவதற்காக அதோடு கலக்கும் சோப்பு மாதிரியான பொருள்.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்பதை வைத்துப் போட்டது. மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடிநீரில் குளோர்பைரிபாஸ் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மென்மையான சில மீன்களை நான்கு நாளில் சாய்க்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதன் குடிக்கலாம் என்று சான்றிதழ் வாங்கிய தண்ணீரில் மீன் செத்துப்போகலாம்!

உங்கள் குட்டையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவு எழுதவில்லை, 2 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். சைபர்மெத்ரின் 10 சதவீத மருந்தில் லிட்டருக்கு 100 கிராம் விஷம் உண்டு. பாட்டில் மூடியில் ஒன்றிரண்டு மூடி, ஒரு 20 மில்லி, தண்ணீரில் விழுந்தால் அதில் 2 கிராம். 2 லட்சம் லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகத் தொட்டிகளில் பல மீன்களைக் கொல்ல ஓரிரு மைக்ரோகிராமே போதுமானதாக இருந்திருக்கிறது. பழைய மண் ஏரி என்றால் சேறு இந்த மருந்தை உறிஞ்சி ஒட்டவைத்துக்கொள்ளும், தண்ணீரில் இருப்பது சீக்கிரம் குறையும். கிருஷி ஹொண்டாவில் பெரும்பாலும் அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். நீர் கசியாமல் இருக்க அது நல்லதுதான், ஆனால் மருந்தைப் பிடித்து வைக்கச் சேறு இல்லை. ஏரியில் தப்பிக்கிற மீன் ஹொண்டாவில் தப்பிக்காமல் போக இது ஒரு காரணம். இதனால்தான் அடுத்து வரும் சங்கடமான கேள்வியைக் கேட்கிறேன். தோட்டத்தில் அடித்தது காற்றில் பறந்து வந்ததா, அல்லது ஸ்பிரேயர் டேங்குக்குத் தண்ணீர் உங்கள் ஹொண்டாவிலேயே மொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே அலசினார்களா? என் அனுபவத்தில் காற்றில் வந்த கேஸ்களைவிட டேங்க் அலசிய கேஸ்கள்தான் அதிகம். அலசியது பல சமயம் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, நம் வீட்டு ஆளே.

இனி சந்தேகமான பகுதி. ரத்தத்தைப் பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தொட்டியில், சுத்தமான தண்ணீரில், ஒரே ஒரு மருந்தை அளந்து ஊற்றி, 96 மணி நேரமோ சில வாரங்களோ வைத்துப் பார்த்தவை. குட்டையில் இருப்பது ஒரு மருந்தல்ல, மூன்று நான்கு கலவை, உரம் வேறு, வெயில் வேறு. தொட்டியில் கண்டதை அப்படியே குட்டைக்குத் தூக்கிப்போட முடியாது. மேலும், வலையில் போட்டு இழுத்துப் பத்து நிமிடம் துடிக்கவிட்ட மீனின் ரத்தமே மாறிவிடும். மருந்தின் விளைவைப் பார்க்கிறோமா, நம் வலையின் விளைவைப் பார்க்கிறோமா என்று பிரிப்பது லேசல்ல. சரியான அளவு இதுதான் என்று மனிதனுக்கு அச்சடித்து வைத்திருப்பதுபோல ரோகுவுக்கு ஓர் அட்டவணை கிடையாது. வயது, பருவம், சினைக்காலம், தண்ணீர்ச் சூடு என எல்லாவற்றோடும் எண்கள் ஆடும். அதனால் ஒரு மீனின் அறிக்கையைத் தனியாக வைத்து நான் எதுவும் சொன்னதில்லை. மருந்து படாத பக்கத்துக் குட்டையிலிருந்து அதே அளவு, அதே இன மீன் ஐந்தாறு எடுத்து ஒப்பிட்டால்தான் பேசுவேன். ஸ்லைடில் சிவப்பணுவின் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் குட்டி உட்கரு ஒன்று சிதறிக் கிடந்தால், மரபுப்பொருள் சேதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இது எண்ணிக்கைகளைவிட நம்பகமான தடயம். ஆனால் அதுகூட எந்த மருந்து என்று பெயர் சொல்லாது. சாயப்பட்டறைக் கழிவும் கனஉலோகமும் அதையே செய்யும்.

பெயர் சொல்லாது என்றேன். பூச்சிமருந்து தவிர வேறு யார் யார் இதே கோலத்தை வரைவார்கள் என்றும் பார்க்க வேண்டும். முதல் ஆள் நைட்ரைட். தீவனமும் கழிவும் மிஞ்சிய குட்டையில் அம்மோனியா பாதி வழியில் நின்று நைட்ரைட்டாகத் தேங்கும். அது செவுள் வழியாக ஏறி ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வகையாக மாற்றிவிடும். ரத்தம் சாக்லேட் பழுப்பாகும், காற்றில் ஆட்டினாலும் சிவப்பாகாது. மீன் மேலே வந்து வாய் திறக்கும், அச்சு அசல் உங்கள் விவரிப்பு போல. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. உங்கள் ஹொண்டாவை அப்படி ஒரு ஏரித் தண்ணீரில் நிரப்பியிருந்தால் நைட்ரைட்டை முதலில் பாருங்கள். ஒருமுறை இந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் ‘எதிரி விஷம் வைத்துவிட்டான்’ என்று மீனோடு வந்து நின்றார். மீனைக் கீறியதும் பழுப்பு. சாதாரண உப்பு போடச் சொன்னோம், குளோரைடு நைட்ரைட்டைச் செவுளில் நுழையவிடாமல் போட்டி போடும். ஒரு பங்கு நைட்ரைட்டுக்குப் பத்துப் பங்கு குளோரைடு என்பது வழக்கமான கணக்கு. மீன் பிழைத்தது. எதிரியோடு சமாதானம் ஆனதா என்று கேட்கவில்லை.

இரண்டாவது ஆள் ஆக்சிஜன் பஞ்சம். 2016 மார்ச்சில் எங்கள் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து ஒதுங்கியது பெங்களூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். நாற்றத்தில் நாங்கள் ஜன்னல் திறக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்டது கழிவுநீரும் ஆக்சிஜன் குறைவும்தான். ஆக்சிஜன் பஞ்சத்தில் சாவு விடியற்காலையில் விழும், பெரிய மீன்தான் முதலில் போகும். விஷத்தில் நேரம் காலம் கிடையாது, பெரும்பாலும் குஞ்சுகளும் சிறியவையும் முந்தும், கூடவே நீர்ப்பூச்சிகளும் தலைப்பிரட்டையும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். இது சட்டமல்ல, கைக்கணக்கு, ஆனாலும் குட்டைக் கரையில் நிற்கும்போது பெரிதும் உதவும். மூன்றாவது ஆள் மீன் பேன். செதிலில் பச்சையாக ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும், நூற்றுக்கணக்கில் இருந்தால் மீன் வெளுத்துப்போகும். இதில் ஒரு வேடிக்கை: பேனைக் கொல்ல சில பண்ணையாளர்கள் குட்டையிலேயே டெல்டாமெத்ரின் ஊற்றுகிறார்கள். பேன் குடித்த ரத்தம் போக மிச்சத்தை மருந்து கெடுக்கும்.

ஆக, நான்காவது கேள்விக்கு வருகிறேன். ரத்தம் அடி விழுந்ததைச் சொல்லும், ஓரளவுக்கு எவ்வளவு நாளாக விழுகிறது என்றும் சொல்லும். அடித்த ஆளைக் காட்டாது. அதைக் காட்ட வேண்டியது தண்ணீரிலும் மீன் தசையிலும் மருந்தின் எச்சத்தை அளக்கும் சோதனை. வெறும் ரத்த அறிக்கையோடு பக்கத்து நிலத்துக்காரரிடம் போனால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள்தான் தோற்பீர்கள்.

சாப்பிடுவது பற்றி. செத்து மிதந்ததை நாய்க்கும் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். உயிரோடிருப்பவற்றில் ரத்தம் நன்றாக இருந்தால் சதையில் மருந்து இல்லை என்று அர்த்தமாகாது. ரத்தம் தேறிய மீனின் கொழுப்பில் மருந்து உட்கார்ந்திருக்கலாம். டி.டி.டி. மாதிரிப் பழைய குளோரின் வகைகள் அப்படித்தான் வருடக்கணக்கில் தங்கும். இப்போதுள்ள பைரெத்ராய்டும் பாஸ்பரஸ் வகையும் அந்த அளவுக்குத் தங்காது, சுத்தத் தண்ணீரில் விட்டால் மீன் மெல்ல வெளியேற்றிவிடும். குழம்பில் கொதிக்கவைத்தால் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். என் வீட்டுக்கு என்றால், எச்சச் சோதனை முடிவு வரும்வரை அந்தக் குட்டை மீனை அடுப்பில் ஏற்றமாட்டேன். சிவாஜிநகரில் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

இன்றைக்கே செய்யவேண்டியது: தீவனத்தை நிறுத்துங்கள். நல்ல போர்வெல் தண்ணீர் இருந்தால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், ஊற்றும்போது உயரத்திலிருந்து சிதறவிட்டால் காற்றும் கலக்கும். யாராவது சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். காரம் ஏறினால் பாஸ்பரஸ் வகை மருந்து சீக்கிரம் சிதையும் என்பது உண்மை, ஆனால் அம்மோனியாவின் விஷமும் அதோடு ஏறும், அளக்காமல் கொட்டாதீர்கள். அக்வேரியம் கடையில் நைட்ரைட், அம்மோனியா சோதனைக் கிட் கிடைக்கும், அதை முதலில் பாருங்கள். ஆனால் தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும், எல்லாரும் தவறவிடும் இடம் இதுதான். எச்சச் சோதனைக்கான தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காதீர்கள், இந்த மருந்துகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நிறக் கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர், கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில். மந்தமான மீன் இரண்டை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள். ரத்தம் பார்க்க வேண்டுமானால் மீன் உயிரோடு போக வேண்டும், அல்லது தெரிந்தவர் கரைக்கே வந்து வாலடி ரத்தக்குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் தடவிய ஊசியால் எடுக்க வேண்டும். ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. முதலில் போன் செய்து, எதை எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அடித்த மருந்தின் காலி டப்பா கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரியாமல் தேடச் சொன்னால் எந்த லேபுக்கும் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். பாட்டிலில் தேதி, நேரம், எந்த மூலையில் எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும்.